முன்பணமும் பிஸ்கட் டப்பாவும்

என் நாத்தனார் டினெகேயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு முப்பத்தோரு வருடம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழு மனதோடு வருமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி என்னைத் தூங்கவிடாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

டினெகே என் கணவன் வெசலின் அக்கா. அவனுக்கு நாலு வயது மூத்தவள். டச்சு நாட்டில் காம்பன் ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், ஆனால் வீட்டில் தங்கினால்தானே? புருஷன் போன பிறகு காலில் சக்கரம் கட்டிக்கொண்டாள். குளிர் வந்தால் ஸ்பெயின், வெயில் வந்தால் நார்வே. கைப்பையில் ஒரு கிரெடிட் கார்டு வேறு. நாங்களெல்லாம் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புகிற ஜனங்கள். இருக்கிற காசு போகும், இல்லாத காசு போகாது. கடன் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் அட்டையை மானமுள்ளவர்கள் பையில் வைப்பார்களா என்று என் அப்பா கேட்பார். நானும் டினெகேயின் காதில் விழும்படி அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத இன்னொன்று, பிஸ்கட். காபிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்பது எங்கள் வீட்டு வழக்கம், எங்கள் தெருவின் வழக்கம், என் அம்மாவின் வழக்கம். டப்பா ஒரு சுற்று வரும், அப்புறம் மூடி விழும். டினெகே மட்டும் மூடி விழுவதற்குள் இரண்டாவதை எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். முப்பத்தோரு வருடம் அந்தச் சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன்.

இனி வெசல். ஆற்றுப் பாலத்தைக் கப்பல்களுக்காகத் தூக்கி இறக்குவது அவன் வேலையாக இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு கட்டிப் போட்டுவிடுவார்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். அன்றிலிருந்து நாங்கள் அந்த ஆற்றைத் தாண்டியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான்.

போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது காரில் சொன்னான்.

"ஹில்லி, இத நிறுத்திரலாம்னு பாக்கறேன்."

"எத?"

"மெஷின."

காரை ரோட்டோரம் நிறுத்தினேன். எங்கள் நாட்டில் நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், டாக்டர்கள் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

"என்னதான்டா வேணும் உனக்கு? சொல்லித் தொலை, செய்யறேன்."

ரொம்ப நேரம் வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெதுவெதுன்னு இருக்கற கடல்ல ஒரு தடவ கால் நனைக்கணும். அப்புறம் யோசிக்கறேன்" என்றான்.

அந்த 'அப்புறம் யோசிக்கறேன்' என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஸ்பெயின் கடற்கரையில் பெனசால் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு கிளினிக்கில் வெளிநாட்டு நோயாளிகளுக்கும் மெஷின் தருவார்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். எழுதிப் போட்டோம். செப்டம்பரில் இரண்டு வாரத்துக்கு மெஷினோடு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரே நிபந்தனை, மே மாத முடிவுக்குள் தங்கும் முகவரி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

முகவரிதான் கிடைக்கவில்லை. மெஷினிலிருந்து இறங்கினால் வெசலுக்கு ஒரு படிகூட ஏற முடியாது. பார்த்த வீடெல்லாம் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. இல்லையென்றால் எங்கள் தலையை அடகு வைக்கச் சொல்லும் வாடகை. மே இரண்டாவது வாரத்தில், நான் நம்பிக்கையைக் கைவிடப்போகும் சமயம், வாடகை வீடுகள் காட்டும் ஓர் இணையதளத்தில் அந்த வீடு வந்தது. தரைத்தளம். முற்றத்தில் எலுமிச்சை மரம். கிளினிக்கிலிருந்து முந்நூறு அடி. உரிமையாளர் பெயர் ரமிரோ. என்னைவிட நல்ல டச்சு எழுதினார். உங்கள் கணவர் நலமாக வேண்டும் என்று என் மனைவியும் பிரார்த்திக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

மூன்றாவது கடிதத்தில் விஷயத்துக்கு வந்தார். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் போகும். முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் இருநூற்றுப் பத்து யூரோ குறைத்துக்கொள்வார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்டு வேண்டாம், கடன் வேண்டாம், கணக்கிலிருந்து கணக்குக்கு! நம்மைப் போல ஒரு மனுஷன் என்று நினைத்தேன். ஆயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ. வங்கிச் செயலியில் விவரங்களைப் போட்டதும் சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது. கணக்கு வேறொரு நாட்டில் இருக்கிறதாம், பெயரும் பொருந்தவில்லையாம். ரமிரோவிடம் கேட்டேன். அது தன் கணக்குப்பிள்ளையின் கணக்கு என்றார். கணக்குப்பிள்ளை வைத்திருக்கிற மனுஷன் ஒழுங்கானவராகத்தானே இருப்பார்? 'தொடர்க' என்பதை அழுத்தினேன். வருடா வருடம் மே சம்பளத்தோடு எங்களுக்கு விடுமுறைப் பணம் வரும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு அது செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. அதனால் பணம் செவ்வாய் பிற்பகல் போகும்படி தேதி போட்டுவைத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை வெசலின் பிறந்தநாள். எங்கள் பிறந்தநாளில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். வருகிறவர்கள் வெசலுக்கு வாழ்த்துச் சொல்லி, எனக்கு வாழ்த்துச் சொல்லி, அவன் அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லி, ஒரு சுற்று முடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கேக், அப்புறம் காபியோடு பிஸ்கட் டப்பா. வாய் சும்மா இருக்குமா எனக்கு? இருநூற்றுப் பத்து யூரோ மிச்சம் பிடித்த கதையை ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு யோஸ்ட் தொடையில் தட்டினான்.

"ஹில்லின்னா ஹில்லிதான்! கல்லுலயும் நார் உரிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள், டினெகே தவிர. காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பணம் போயிருச்சாடி?"

"செவ்வாய்க்கெழம போகுது. ஏன்?"

"அந்த ஆளோட போன்ல பேசினியா?"

"கடிதாசி எழுதறாரே, போதாதா?"

"வீட்ட யாராவது நேர்ல பாத்தாங்களா? வீடியோலயாவது காட்டினானா? முழுப் பணமும் முன்னாடியே கேக்கறான், தளத்துக்கு வெளிய கேக்கறான், கணக்கு இன்னொரு நாட்டுல. ஹில்லி, உனக்கு மொட்டையடிக்கறான்டி. நீ குனிஞ்சு தலையக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க."

எல்லோர் முன்னாலும் என் மூக்கு உடைந்தது. நாளெல்லாம் ஒளிர்ந்துகொண்டிருந்த வெசலின் முகம் அணைந்துபோனதைப் பார்த்தேன். அதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நாங்க ஒரு தடவ வெளிய போறது உனக்குப் பொறுக்கலையா?" என்றேன். "ஊரச் சுத்தறதுக்கு நீ ஒருத்திதான் பொறந்தியா? கடன் அட்டைய வெச்சுக்கிட்டு மகாராணி மாதிரித் திரியறவ எனக்குப் பணத்தப் பத்திப் பாடம் நடத்தறியா?"

பழக்க தோஷத்தில் டினெகேயின் கை டப்பாவை நோக்கிப் போனது, இரண்டாவது பிஸ்கட்டுக்கு. நான் படாரென்று மூடினேன். அவள் விரல் நுனி மூடியில் பட்டது. ஒன்பது பேர் பார்த்தார்கள். டினெகே மெதுவாகக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு, தம்பியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெசல் என்னோடு பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை. வெசலை மெஷினில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். சரியான மழை. ஜன்னலுக்கு வெளியே டினெகே சைக்கிளைச் சுவரில் சாத்துவது தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து நின்றுகொண்டேன். அவள் ஈரக் கோட்டோடு உள்ளே வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னன்னு பாரு."

படத்தில் கார் கழுவும் இடம். தண்ணீர்க் குழாய், சோப்பு நுரை, ஒரு வெள்ளை வேன். சுவரில் தெருப் பெயரும் கதவு எண்ணும் தெளிவாக இருந்தன. என் எலுமிச்சை மர வீட்டின் முகவரி.

"யார் எடுத்தது?"

"ரெமெதியோஸ். அந்தக் கிளினிக் நர்ஸ். வெசல்கிட்ட முகவரியும் கிளினிக் நம்பரும் வாங்கி காலைல போன் போட்டேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல, என் தம்பி உங்ககிட்ட வரப்போறான், ஒரு வீட்டப் பாத்துச் சொல்ல முடியுமான்னு கேட்டேன். சாப்பாட்டு இடைவேளையில நடந்து போய்ப் பாத்திருக்கா. சாப்பிடாம போயிருக்கா அந்தப் பொண்ணு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "டினெகே, நான் உன்ன..."

"சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல அந்தப் பணத்த நிறுத்து."

அவசரத்தில் ரகசிய எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். இன்னொரு முறை தப்பினால் செயலி பூட்டிக்கொள்ளும். டினெகே என் மணிக்கட்டைப் பிடித்து, "மூச்ச விடு. அவசரமில்ல" என்றாள். மூன்றாவது முறை திறந்தது. நாளை என்று தேதி போட்டு அந்தத் தொகை சமத்தாகக் காத்துக்கொண்டிருந்தது. ரத்து செய்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

டினெகே சொன்னபடி ரமிரோவுக்கு எழுதினேன். வீட்டை வீடியோவில் காட்டுங்கள், தளத்தின் வழியாகவே பணம் கட்டுகிறேன் என்று. கால் மணி நேரத்தில் பதில் வந்தது. வேறு மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றனவாம், ஒரு மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் வீடு இல்லையாம். பிரார்த்தனை செய்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் பார்த்தால் அந்த விளம்பரமே இல்லை. ஆள் கம்பி நீட்டிவிட்டான். அவனைப் பற்றித் தளத்துக்கும் போலீசுக்கும் டினெகேயே எழுதிப்போட்டாள்.

பணம் தப்பியது, சரி. ஆனால் மே முடிய நாலு நாள்தான் பாக்கி, கையில் முகவரி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெசலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"விடு ஹில்லி. நீ பாடுபட்டது போதும். கடல் எங்க போயிரப்போகுது."

அந்தத் தணிந்த குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. சைக்கிள் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்படியே அங்கிருந்து டினெகேக்குப் போன் செய்தேன். முப்பத்தோரு வருடத்தில் நானாக அவளுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"டினெகே, அவன் மெஷின நிறுத்தறதப் பத்திப் பேசறான். மார்ச்லேர்ந்து. நான் யார்கிட்டயும் சொல்லல."

"கழுதை" என்றாள். என்னையா அவனையா என்று கேட்கவில்லை. "நாளைக்குக் காலைல வரேன். காபி போட்டு வை."

வந்தாள். மேஜையில் உட்கார்ந்து, எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, ரெமெதியோசைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல டினெகே எனக்கு டச்சில் சொன்னாள், முதல் விஷயமே என்னைச் செருப்பால் அடித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற நோயாளிகள் தங்குவதற்கென்று கிளினிக்கிலேயே ஒரு பட்டியல் இருக்கிறதாம், எல்லாமே அவர்கள் நேரில் போய்ப் பார்த்த இடங்கள். ஏன் கேட்கவில்லை என்றாள். என்ன சொல்வேன்? கேட்டால் கமிஷன் பிடிப்பார்கள் என்று நினைத்ததையா?

கிளினிக்குக்குப் பின்தெருவில் என்கார்னா என்ற பெண்மணியின் கட்டிடம். லிப்ட் உண்டு. செப்டம்பருக்கு ஓர் அறை, ஒரு சமையல் மேடை. ரமிரோ கேட்டதைவிட முந்நூறு யூரோ கூட. என் வாயில் பேரம் வந்து நின்றது, விழுங்கிவிட்டேன். டினெகே வீடியோவில் அழைத்தாள். என்கார்னா போனைத் தூக்கிக்கொண்டு லிப்டைக் காட்டினாள், கட்டிலைக் காட்டினாள், குளியலறைக் கைப்பிடியை ஆட்டிக் காட்டினாள், ஜன்னலைத் திறந்து கிளினிக்கின் பெயர்ப்பலகையையும் காட்டினாள். ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், கார்டில். மீதி சாவி வாங்கும்போது. வெசலுக்கு உடம்பு முடியாமல் போனால் ஒரு வாரம் முன்புவரை சொல்லலாம், முன்பணம் திரும்பி வரும். அதையும் எழுத்தில் வாங்கினாள் டினெகே.

"கார்டுல கட்டச் சொல்றாங்க" என்றேன் ஈனமான குரலில்.

டினெகே கைப்பையைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இது ஊதாரித்தனம் பண்றதுக்கில்லடி. போன எடத்துல வீடு இல்லேன்னு வை, கார்டு கம்பெனிக்காரன்கிட்ட முறையிடலாம், பணத்தத் திருப்பிக் கேக்கலாம். நீ நேரா கணக்குக்கு அனுப்பின காச யார்கிட்ட போய்க் கேப்ப? அந்தக் கார் கழுவறவன்கிட்டயா?" எண்களைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "வட்டி எவ்ளோன்னு கேக்காத. மாசக் கடைசில நானே கட்டிருவேன். வட்டி கெடையாது."

நான் வட்டியைப் பற்றித்தான் கேட்க இருந்தேன். அன்றே அவள் கணக்குக்குப் பணத்தை அனுப்பினேன். கிளினிக்குக்கு முகவரி போனது. மறுநாள் நாற்காலி உறுதி என்று பதில் வந்தது.

செப்டம்பரில் போனோம். என்கார்னா வாசலிலேயே நின்றாள். வீடியோவில் பார்த்த அதே கட்டில், அதே கைப்பிடி. மீதிப் பணத்தைக் கொடுத்ததும் ரசீதோடு ஒரு தட்டு அத்திப்பழம் வந்தது. கிளினிக்கில் ரெமெதியோசைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது, குள்ளமான பெண். ஊரிலிருந்து ஒரு முழுச் சக்கரம் பாலாடைக்கட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தேன், நாலு கிலோ. "எனக்கா? ஒரு போட்டோவுக்கா?" என்று சைகையிலேயே கேட்டுச் சிரித்தாள். ஒரு போட்டோவுக்கு இல்லை பெண்ணே என்று சொல்ல எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டேன். நான் யாரையும் லேசில் கட்டிக்கொள்கிறவள் இல்லை, வெசலே திரும்பிப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மெஷின் இல்லாத நாள். காலையிலேயே கடற்கரைக்குப் போனோம். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினான். ஒரு சின்ன அலை வந்து கணுக்காலைச் சுற்றியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் என்று நினைத்தேன், அரை மணி நேரம் நின்றான். எனக்குத் தோள் வலித்தது, நகரவில்லை. 'அப்புறம் யோசிக்கறேன்' என்றவனிடம் என்ன யோசித்தாய் என்று அங்கே கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, அக்டோபர் முதல் ஞாயிறு, டினெகே காபிக்கு வந்தாள். டப்பாவை நிறைத்து மேஜை நடுவில் வைத்தேன். ஒன்று எடுத்தாள். நான் மூடவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். மூடவில்லை. மூன்றாவதை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"என்னடி, மூடி தொலஞ்சுபோச்சா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டினெகே. நன்றி" என்றேன்.

"என்னது? காது கேக்கல."

"கேட்டுச்சு உனக்கு."

"யோஸ்ட் வீட்டுக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு."

சொன்னேன். ஜன்னல் அதிரச் சொன்னேன். டினெகே சிரித்துச் சிரித்து பிஸ்கட் தூளைக் கோட்டெல்லாம் சிந்தினாள். வெசலும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, என்னமோ பால் வாங்கி வரச் சொல்வது போல அக்காவிடம் கேட்டான்.

"அந்த ரூம அடுத்த செப்டம்பருக்கும் இப்பவே சொல்லி வெச்சுரலாமா? உன் கார்டு கையில இருக்கா?"

நான் டப்பாவைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டேன். டினெகே தம்பியையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், கைப்பையைத் திறந்தாள்.